எந்தக் கைக்கு மருந்து

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புதிதாக ஒரு களிம்பு சோதனைக்கு வரப்போகிறதாம். மரபணு சமாச்சாரம். தோலில் தடவினால் உள்ளே போய், வீக்கத்தைக் கிளப்பிவிடும் மரபணுவின் வாயை அடைத்துவிடுமாம். அதை வைப்பதற்கு மைனஸ் எழுபது டிகிரிப் பெட்டி ஒன்று வந்து இறங்கியிருக்கிறதென்று மருந்தகத்துப் பெண்கள் ஒரே பரபரப்பாகச் சொன்னார்கள். “மேடம், நீங்க அந்த பெப்டைட் களிம்பு டிரயல் பாத்தவங்க. வந்து எங்களுக்கு அரை மணி நேரம் பேசணும்” என்று கூப்பிட்டார்கள். போனேன். அரை மணி நேரம் இரண்டு மணி நேரமானது. விஷயம் ஒன்றும் பெரிதில்லை. சொல்ல ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அடங்குவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். கடைசியில் அந்தப் பெண்களே, “எழுதிக் குடுத்துடுங்க மேடம், எங்க சிரிக்கணும்னு நாங்களே பாத்துக்கறோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என் பெயர் கோமதி. மருந்தாளுநர். கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு. சேலத்தில் ஒரு தனியார் தோல் மருத்துவமனையில் முப்பது வருடம் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்தக் கதையில் வருகிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். பாப்பாத்தி மட்டும், “எம்பேர மாத்தாதீங்க அக்கா, அப்பறம் எங்கதைன்னு யாரும் நம்ப மாட்டாங்க” என்று சொன்னதால் அது மட்டும் அப்படியே இருக்கிறது.

படித்ததையும் பழகியதையும் விரிவாகச் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். டிப்ளமா படித்தேன். டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கக் கற்றேன். “சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா” என்பதை ஆயுளில் பாதி சொன்னேன். ஓய்வுக்குச் சில வருடங்கள் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் புது மருந்துகளைச் சோதிக்க அனுமதி வாங்கினார்கள். என்னைச் சென்னைக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏசி அறையில் நடுங்கிக்கொண்டு நான் கற்றது இவ்வளவுதான்: எந்த டியூபில் மருந்து, எதில் வெறும் களிம்பு என்று உனக்குத் தெரியக்கூடாது, தெரிந்த மாதிரி முகத்தையும் வைத்துக்கொள்ளக்கூடாது. முதல் பாதி சுலபம். இரண்டாம் பாதிக்கு ஆண்டவன் எனக்கு வேறு முகம் கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் களிம்பு சொரியாசிஸுக்கானது. சொரியாசிஸ் என்றால் உடம்பின் காவல்படைக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போவது. வெளியிலிருந்து வரும் கிருமியை விரட்ட வேண்டியது, சொந்தத் தோலையே எதிரியென்று நினைத்துச் சண்டைக்குப் போகும். தோல் பதறிப்போய் வேகவேகமாக வளர்ந்து அடுக்கடுக்காக உரியும். தொட்டால் ஒட்டாது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஆனாலும் இந்த நோய்க்காரர்களுக்குப் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கும். பெப்டைட் என்பது புரதத்தின் ஒரு சின்னத் துண்டு. அந்தக் களிம்பில் இருந்த துண்டின் வேலை, சண்டைக்குக் கிளம்பும் செல்களிடம் ‘இவர் நம்ம ஆள்தான், போய் உட்காருங்கள்’ என்று சொல்வது. ஊசி மாத்திரை மாதிரி உடம்பு முழுக்க ஊரைக் கூட்டாமல், தடவிய இடத்தில் மட்டும் சொல்லும். சொல்லுமா என்று பார்ப்பதுதான் சோதனை.

அதற்கு ஒரே ஆளின் இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கைக்கு மருந்துள்ள களிம்பு, இன்னொரு கைக்கு மருந்தில்லாத களிம்பு. பார்க்க, முகர, தடவ இரண்டும் ஒன்றுதான். இடது கை டியூபுக்கு நீலப் பட்டை, வலது கை டியூபுக்கு ஆரஞ்சுப் பட்டை. எந்த நிறத்தில் மருந்து என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்தப் பட்டியல் எங்கோ தூரத்தில் பூட்டிக் கிடந்தது. பன்னிரண்டு வாரம் காலையும் மாலையும் தடவ வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய டியூப்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிப் போக வேண்டும். கொடுக்கும்போதும் திரும்ப வரும்போதும் ஒவ்வொரு டியூபையும் நான் நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் எடை போடுவேன். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் இரண்டு கைக்கும் ஒழுங்காகத் தடவியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் டாக்டர் அன்பரசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ரப்பர் வைத்திருக்க மாட்டார். ஒயிட்னரைக் கண்டால் பாம்பைப் பார்த்த மாதிரி பின்வாங்குவார். தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, அதற்குப் பக்கத்தில் கையெழுத்து, தேதி. அடித்தது அடியில் தெரிய வேண்டும். என்ன கூத்து நடந்தாலும் அவர் சொல்வது ஒரே சொல்தான்: “எழுதுங்க.”

கூத்துக்கும் குறைவில்லை. அந்தக் களிம்பை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கெங்கவல்லியிலிருந்து வந்த ஒரு மரவள்ளி விவசாயி முதல் தவணை டியூப்களைத் திருப்பிக் கொடுத்தபோது இரண்டிலும் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. “புது மருந்து இல்லியா மேடம், ஒரு வாரம் சாமி ரூம்ல வச்சிட்டு, வெள்ளிக்கிழமை பாத்துத்தான் ஆரம்பிச்சோம்” என்றார் அவர். நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். டாக்டர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. “எழுதுங்க. ஏழு நாள் பூஜை அறை. வெப்பநிலை தெரியாது” என்றார். மருந்துக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: பூஜை அறையின் வெப்பநிலையை அளந்து அனுப்பவும். டாக்டர் நிஜமாகவே ஒரு தெர்மாமீட்டரைக் கெங்கவல்லிக்கு அனுப்பி வைத்தார். விளக்கு எரியும்போது ஒன்று, எரியாதபோது ஒன்று என இரண்டு அளவு எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார் அந்த மனிதர்.

இப்போது முத்துசாமிக்கு வருகிறேன். ஜலகண்டாபுரம் நெசவாளி, பாப்பாத்தியின் வீட்டுக்காரர். உள்ளங்கை இரண்டிலும் சொரியாசிஸ். செதில் செதிலாக உரிந்து, வெடித்து, சில நாள் ரத்தம் கசியும். பட்டு நெய்துகொண்டிருந்தவர். உரிந்த தோலில் பட்டு இழை மாட்டி மாட்டி அறுந்ததால் அதை விட்டுவிட்டுப் பருத்திக்கு வந்திருந்தார். அதைக்கூட அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். “ஊட்டு நாய் ஊட்டுக்காரனையே கடிக்கற கதையாட்ட இருக்குதுங்கம்மா” என்று, நான் அரை மணி நேரம் விளக்கியதை அவரே ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறு விஷயம். ஒரே மகள் கலைவாணிக்கு ஆவணியில் கல்யாணம். தாரை வார்க்கும்போது மாப்பிள்ளையின் கைமேல் பெண்ணின் கை, அதன்மேல் அப்பாவின் வலது கை. அம்மா செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பார். அந்தத் தண்ணீர் அப்பாவின் கையில் விழுந்து, பெண்ணின் கை வழியாக மாப்பிள்ளையின் கைக்குப் போக வேண்டும். மண்டபமே அந்த மூன்று கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

“எங்கைத் தோலு தண்ணியோட உரிஞ்சு மாப்பிள்ளை கையில போய் உழுந்துச்சுன்னா என்ன பண்றதுங்கம்மா?” என்று கேட்டார் முத்துசாமி. “எங்கண்ணன வச்சு வார்க்கச் சொல்லிப் போட்டேன். நான் பந்தியில நின்னுக்கறேன்.”

“அப்படி வார்க்கறதா இருந்தா நான் மணவறையில உக்கார மாட்டேன்னு புள்ள சொல்லிப் போட்டாளுங்க அக்கா” என்றாள் பாப்பாத்தி.

வைகாசி முடியும்போது அவர் சோதனையில் சேர்ந்தார். கையெழுத்துப் போடும்போது டாக்டர் நிதானமாகச் சொன்னார்: “ஒரு கைக்கு வெறும் களிம்புதான் கிடைக்கும். அது வலது கையாவும் இருக்கலாம்.” முத்துசாமி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியது எங்கள் தப்பு.

முதல் இரண்டு வாரம் கழித்து எடை போட்டேன். நீல டியூப் நன்றாக இளைத்திருந்தது. ஆரஞ்சு டியூப் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி கொழுகொழுவென்று அப்படியே இருந்தது.

“வலது கைக்குப் பூசவே இல்லீங்களா?”

“சோத்தாங்கையில பூசுனா சோறெல்லாம் மருந்து வாசம் அடிக்குதுங்கம்மா. தின்னுபோட்டுப் பூசிக்கலாம்னு நெனைப்பேன், அப்பறம் தறியில உக்காந்தா மறந்து போயிருது.”

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில்கூடப் பாதிச் சிரிப்புத்தான். “இங்க பாருங்க, ரெண்டு டியூபும் ஒரே எடை குறைஞ்சிருக்கணும். இல்லைன்னா டிரயல்ல இருந்து எடுத்துடுவாங்க” என்று மிரட்டி அனுப்பினேன். அந்த மிரட்டல் என்ன வேலை செய்தது என்று பிறகு தெரிந்தது.

நான்காவது வாரம் வந்தார். ஆரஞ்சு டியூப் இந்த முறை கொஞ்சம்தான் இளைத்திருந்தது, மறுபடியும் மிரட்டினேன். இடது உள்ளங்கை தேறியிருந்தது. செதில் போய், இளஞ்சிவப்பாக, ரேகை தெரிந்தது. வலது கை பழையபடி கருணைக்கிழங்கு. நீலத்தில்தான் மருந்து என்று என் மனசு தீர்ப்பே எழுதிவிட்டது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அலமாரிப் பக்கம் திரும்பி, அடுக்கியிருந்ததையே மறுபடியும் அடுக்கினேன்.

முத்துசாமி இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “ஏனுங்கம்மா, நல்ல மருந்தக் கொண்டுபோய்ப் பீச்சாங்கைக்குக் குடுத்துப் போட்டீங்களாட்ட இருக்குதே? பீச்சாங்கைய வச்சு நான் என்ன பண்றது? அதுலயா தாரை வார்க்க முடியும்?”

“யாருக்கும் தெரியாதுங்க. இப்ப எதையும் முடிவு பண்ணாதீங்க. ரெண்டுக்கும் பூசிட்டு வாங்க” என்றார் டாக்டர். அந்த முகத்தைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆறாவது வாரம் எடை போட்டபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு டியூபும் அச்சில் வார்த்தது போல் ஒரே எடை. “பாத்தீங்களா, சொன்னா கேக்கறீங்க” என்று பாராட்டினேன். முத்துசாமி கூச்சமாகச் சிரித்தார். பாப்பாத்தி ஜன்னல் வழியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாள். கைகள்தான் புரியவில்லை. தேறியிருந்த இடது கை மறுபடி உரிய ஆரம்பித்திருந்தது. வலது கை கொஞ்சம் அடங்கியிருந்தது. டாக்டர் போட்டோ எடுத்தார், எழுதினார். நான் மட்டும் மருந்தகத்தில் உட்கார்ந்துகொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

எட்டாவது வாரம் மூன்று பேராக வந்தார்கள். கலைவாணியும் கூட. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், அழைப்பிதழ். டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலில் எனக்கு வைக்க வந்தார்கள். தட்டைக் கையில் பிடித்திருந்ததால் பாப்பாத்தி மரியாதைக்காகச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தாள். நான் குங்குமம் எடுக்கக் குனிந்தேன். கண் அவள் காலுக்குப் போனது.

பாப்பாத்தியின் குதிகால் எனக்குத் தெரியும். முதல் நாள் வந்தபோது, கோடையில் மேட்டூர் அணை வற்றிக் கிடக்கிற மாதிரி வெடித்திருந்தது. ஒரு மெழுகுக் களிம்புகூட எழுதிக் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை. இப்போது அந்தக் குதிகால் பிறந்த குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது.

“பாப்பாத்தி, காலுக்கு என்ன போடற?”

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். கலைவாணி இரண்டு பேரையும் பார்த்தாள்.

“நீங்க கோவிச்சுக்கக் கூடாதுங்க அக்கா” என்று ஆரம்பித்தாள் பாப்பாத்தி. “பீச்சாங்கை மருந்த இவரு சோத்தாங்கைக்குப் பூசிக்கறாருங்க. சோத்தாங்கை டியூபு மிஞ்சிப் போகுதுங்களே. ரெண்டும் ஒரே எடை இருக்கோணும்னு நீங்க வேற சொல்லிப் போட்டீங்க. பிதுக்கிக் கீழ ஊத்த மனசு வரலீங்க. அதான் நானு குதிகால்ல பூசிக்கிட்டேன். எடை குறையோணும்னு வீட்டுத் தராசுல நிறுத்துப் பாத்துப் பூசுனோமுங்க.”

வீட்டுத் தராசு என்றால் நூல் நிறுக்கும் தராசு. அங்கேதான் நான் உடைந்தேன். அழைப்பிதழ் ஒரு பக்கம், குங்குமம் ஒரு பக்கம், கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாப்பாத்தியும் சிரிக்க ஆரம்பித்தாள். கலைவாணி தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள்.

முத்துசாமி மட்டும் சிரிக்கவில்லை. “இதை எழுதாதீங்கம்மா” என்றார். “இன்னும் மூணு வாரந்தானுங்க. இந்தக் கை இப்பத்தான் மனுசக் கையாட்ட ஆகுது. கல்யாணம் முடிஞ்ச அன்னிக்கே நானே வந்து டாக்டரம்மாகிட்டச் சொல்லிப் போடறேன்.” இரண்டு கைகளையும் ஜன்னல் பலகையில் வைத்தார். வலது கையைத் திருப்பிக் காட்டினார். நிஜமாகவே தேறிக்கொண்டு வந்திருந்தது.

என் சிரிப்பு நின்றது. அறையில் நாங்கள் நான்கு பேர்தான். எடை சரியாக இருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் ஒரு மனிதர் தன் பெண்ணைத் தன் கையால் தாரை வார்த்துக் கொடுப்பார். பேனாவை மூடிக் கோட்டுப் பையில் வைத்தேன். “சரிங்க, பாத்துக்கலாம்” என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டாக்டருக்கு அழைப்பிதழ் வைக்க அவர்களை அழைத்துப் போனேன். டாக்டர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, “என்ன கோமதிம்மா, ரெண்டு ரூம் தாண்டிச் சத்தம் வந்துச்சே. எதுக்குச் சிரிச்சீங்க?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வராது என்று பெருமையடிக்க மாட்டேன். சொல்ல வரும். அன்று வாயில் வந்தது ஒரு பொய்தான். அதைச் சொல்லப் போனபோது என் கண் தானாகப் பாப்பாத்தியின் காலுக்குப் போய்விட்டது. மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. டாக்டரும் அந்தக் காலைப் பார்த்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பாப்பாத்தியை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு குதிகால்களையும் பரிசோதித்து, அரிப்பு உண்டா எரிச்சல் உண்டா என்று கேட்டு, போட்டோ எடுத்து, “எழுதுங்க” என்றார். எழுதினேன். ‘வலது கைக்கான களிம்பு நோயாளியின் மனைவியின் குதிகால்களில்’ என்று என் கைப்பட எழுதிய காகிதம் நெறிமுறைக் குழுவுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கும் போனது.

முத்துசாமியிடம் டாக்டர் இரண்டு வழி சொன்னார். விலகிக்கொள்ளலாம், ஏற்கெனவே உள்ள மருந்துகளை வைத்து அவரே பார்ப்பார். அல்லது கம்பெனி சம்மதித்தால் தொடரலாம். ஆனால் லேபிளில் உள்ளபடி நீலம் இடது கைக்கு, ஆரஞ்சு வலது கைக்கு. முத்துசாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் தராசைத் துடைத்தேன்.

கலைவாணிதான் பேசினாள். “எழுதி இருக்கற மாதிரியே போடுங்கப்பா. பழைய மருந்தெல்லாம் பாத்தாச்சு. கை எப்பிடி இருந்தாலும் நீங்கதான் வார்க்கோணும். காத்தாலயும் சாயங்காலமும் நானே பூசி உடறேன். சோத்துக்கு ஸ்பூன் வாங்கித் தாரேன்.”

“ஸ்பூன்ல எப்பிடிச் சாமி களி திங்கறது?” என்றார் அப்பா. அழுகிற குரலில் அவர் அதைக் கேட்டபோதுகூட எனக்கு உதடு துடித்தது. என்னை என்ன செய்வது?

கம்பெனி சம்மதித்தது. அந்த மூன்று வாரம் நான் நன்றாகத் தூங்கவில்லை. தேறி வந்த கையைக் கெடுத்துவிட்டோமே என்று குற்ற உணர்ச்சி. எந்த டியூபை நிறுத்தாலும் ஆரஞ்சாகத் தெரிந்தது.

கல்யாணத்துக்கு நானும் டாக்டரும் சேர்ந்து போனோம். ஜலகண்டாபுரத்தில் சின்ன மண்டபம்தான், ஆனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. மாப்பிள்ளை திருச்செங்கோட்டுப் பக்கம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. நான் நேராக மணவறைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முத்துசாமி சட்டையில்லாமல் துண்டோடு நின்றிருந்தார். வலது கையைத் துண்டுக்குள் மறைத்திருந்தார்.

தாரை நேரம் வந்தது. மாப்பிள்ளை கையை நீட்டினார், கலைவாணி அதன்மேல் தன் கையை வைத்தாள். முத்துசாமி துண்டிலிருந்து கையை எடுத்து மேலே வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன். செதில் இல்லை. வெடிப்பு இல்லை. ஓரத்தில் லேசாக ஒரு சிவப்பு, அவ்வளவுதான். பாப்பாத்தி தண்ணீர் வார்த்தாள். தண்ணீர் தெளிவாக ஓடியது.

மாப்பிள்ளை குனிந்தபடியே, “மாமா, உங்க கை பூவாட்ட இருக்குதுங்க. கீழ எங்கையிலதான் கிரீஸு போகவே மாட்டேங்குது” என்றார். முத்துசாமிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. எனக்குச் சொல்லவே வேண்டாம். நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். பக்கத்தில் டாக்டர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பந்தியில் பாப்பாத்தி ஊருக்கெல்லாம் என்னை அறிமுகப்படுத்தி வைத்தாள். இலையில் பாயசம் விழுவதற்குள் நான்கு முழங்கை, இரண்டு முழங்கால், ஒரு பொடுகுத் தலை பார்த்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஒருவர் வேட்டியை மடித்து, “எனக்கும் இருக்குதுங்க, இருபது வருசமா யாருகிட்டயும் காட்டுனதில்ல” என்று தன் முட்டியைக் காட்டினார். திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

மருந்தே இல்லாத ஆரஞ்சுக் களிம்பைப் பூசிய கை எப்படித் தேறியது என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. மகள் கை பட்ட ராசி என்று நினைத்துக்கொண்டேன்.

சோதனை எல்லா ஊர்களிலும் முடிந்து, பல மாதங்களுக்குப் பிறகு பட்டியலைத் திறந்தார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு முத்துசாமியின் எண்ணுக்கு நேரே விரலை வைத்தார். நீலம்: வெறும் களிம்பு. ஆரஞ்சு: மருந்து.

நான் மூன்று முறை படித்தேன். “அப்படின்னா இடது கை எப்படித் தேறுச்சு டாக்டர்?”

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவின் கயிற்றை இழுப்பது வலது கை. உராய உராய சொரியாசிஸ் கிளம்பும். இடது கைக்கு அந்த உராய்வு இல்லை. வெறும் களிம்பின் ஈரமே அதற்குப் போதுமாக இருந்திருக்கலாம். வலது கைக்கு நல்ல மருந்து இருந்தும், சோற்றுக்குப் பயந்து அவர் சரியாகப் பூசவே இல்லை. டியூபை மாற்றியபோது வலது கையைக் காப்பாற்ற வேண்டுமென்று கயிற்றை இடது கையால் இழுக்க ஆரம்பித்தாராம். அதனால் இடது கெட்டது, வலது அடங்கியது. “கல்யாணத்துக்கு முன்னாடி மூணு வாரம் பொண்ணு ஒழுங்கா மருந்து பூசியிருக்கா. தறிக்கும் லீவு. எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு ஒரு ஆளை வச்சுச் சொல்ல முடியாது. அதுக்குத்தான் இத்தனை பேரை வச்சுப் பாக்கறோம்” என்றார்.

“அப்ப பாப்பாத்தி நாலு வாரமா குதிகாலுக்குப் பூசினது?”

“பெப்டைட்தான்” என்றார் டாக்டர். சொல்லிவிட்டு மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நான் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரைக்கே போய்விட்டேன்.

முத்துசாமியையும் பாப்பாத்தியையும் வரச்சொல்லி டாக்டர் முறைப்படி விஷயத்தைச் சொன்னார். பாப்பாத்தி தன் குதிகாலைத் திருப்பிப் பார்த்து, “வெளிநாட்டு மருந்தாக்கும்” என்றாள். ஊரில் அதற்குப் பிறகு அவள் நடையே மாறிவிட்டதென்று கேள்வி.

முத்துசாமி மட்டும் என் ஜன்னலுக்கு வந்து நின்றார். யோசித்து யோசித்துச் சொன்னார்: “நல்லவேளைங்கம்மா. அன்னிக்கு எம்பேச்சக் கேட்டு எழுதாம உட்டிருந்தீங்கன்னா, நல்ல மருந்து இவ காலுக்கும் வெறும் களிம்பு எங்கைக்கும் போயிருக்கும்.”

அந்த நல்ல பெயரை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. “உங்க பேச்சை நான் கேட்டுட்டேங்க” என்றேன். “எழுத வேண்டாம்னு பேனாவை மூடிட்டேன். டாக்டர்கிட்ட மாட்டிக்கிட்டதாலதான் வெளிய வந்துச்சு.”

அவர் தன் வலது கையை ஜன்னல் பலகையில் விரித்து வைத்தார்.

“நான் கெஞ்சுனேன், நீங்க எரக்கப்பட்டீங்க” என்றார். “ரெண்டு பேருஞ் சேந்து எங்கையக் கெடுக்கப் பாத்தோமுங்களே அம்மா.”